பள்ளி ஸ்பெல்லிங் பீ: பிள்ளை மேடையில், நாம் நாற்காலியில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நான்காம் வகுப்பு படிக்கும் மகள், வகுப்புத் தேர்வில் ஜெயித்து பள்ளி அளவிலான ஸ்பெல்லிங் பீக்கு, அதாவது ஆங்கில வார்த்தையைக் கேட்டு எழுத்து எழுத்தாகச் சொல்லும் போட்டிக்குப் போகிறாள். இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அவளைவிட அம்மாவுக்குத்தான் பதற்றம் அதிகம். நேரில் போய்ப் பார்க்கலாமா, என்னைப் பார்த்தால் அவள் தடுமாறுவாளா, கடைசி வாரத்தில் என்ன செய்வது, தோற்றால் முதலில் என்ன சொல்வது, நாலு வயதுத் தம்பியைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

போங்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எங்கே உட்காருவது என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் மகளிடம் கேளுங்கள். அன்று காலையில் கேட்டால் அதுவே அவளுக்கு ஒரு கூடுதல் கவலை ஆகிவிடும், அதனால் இன்றைக்கே கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு முதல் வரிசையில் அம்மா முகம் தெரிய வேண்டும். சில பிள்ளைகளுக்கு அம்மா அந்த அறையில் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், முகம் தெரியக்கூடாது. ஒரே வீட்டில் பிறந்த என் இரண்டு பிள்ளைகளுக்குமே பதில் வேறு வேறாக இருந்தது.

பெரியவனும் சின்னவளுமாக ஒன்பது பள்ளிப் போட்டிகளைப் பார்வையாளர் நாற்காலியில் இருந்து பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் மூன்று வருஷம் வேறொரு பள்ளியில் நடுவர் மேசையில் உட்கார்ந்தேன். பெற்றோர் பக்கம் திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும் என்பது அந்த மேசைக்குப் போனபிறகுதான் எனக்குப் புரிந்தது. பாதிப் பேரின் உதடுகள் அசைந்துகொண்டிருக்கும். குழந்தை மைக்கில் அடுத்த எழுத்தைச் சொல்வதற்கு முன்பே அப்பாவின் வாய் அதைச் சொல்லி முடித்திருக்கும். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை, வாய் அசைவது அவர்களுக்கே தெரியாது. ஆனால் நடுவர் மேசையிலிருந்து அது சைகை காட்டுவது போலத்தான் தெரியும். நல்லவேளையாக நான் இருந்த மேசையில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை, மென்மையாகப் பொதுவில் ஒரு அறிவிப்பு மட்டும் செய்தோம். அந்த அறிவிப்பு யாரைச் சொல்கிறது என்பது சம்பந்தப்பட்ட குழந்தைக்கு மட்டும் உடனே புரிந்துவிடும், மேடையிலேயே முகம் சிவந்துபோகும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் மகன் நான்காம் வகுப்பில் இருந்தபோது நான் முதல் வரிசையில், நேர் எதிரில் உட்கார்ந்தேன். நாலாவது சுற்று. அவனுக்கு வந்த வார்த்தை ப்ரோக்கலி. வீட்டில் தினமும் புழங்குகிற காய், ஆனால் எழுதிப் பழகாத வார்த்தை. அவன் எதுவும் கேட்கவில்லை, நேராக ஆரம்பித்துவிட்டான். பி, ஆர், ஓ, சி என்று சொல்லி, இரண்டாவது சி-யையும் சொன்னான். அங்கே இரட்டை எழுத்து வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்ற சந்தோஷத்தில் என் புருவம் உயர்ந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான். தப்பு செய்துவிட்டோம், அப்பா முகம் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டான். நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சொல்லி, ஒரே ஒரு சி-யோடு முடித்தான். தப்பு என்று மணி அடித்தது.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும், பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. குழந்தை நடுவில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து சொல்லலாம், அதற்கு அனுமதி உண்டு. ஆனால் ஏற்கெனவே வாயிலிருந்து வந்துவிட்ட எழுத்துகளையோ அவற்றின் வரிசையையோ மாற்றக்கூடாது. ஆகவே முதல்முறை தப்பாகச் சொல்லிவிட்டு இரண்டாம் முறை திருத்தினாலும் பயன் இல்லை. என் மகன் சரியாகச் சொன்னதைத்தான் மாற்றினான், அதுவும் என் முகத்தைப் பார்த்து மாற்றினான்.

காரில் ஏறியதும் நான் சொன்ன முதல் வாக்கியம், "அந்த வார்த்தை உனக்குத் தெரியுமேடா" என்பது. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்கதான்ப்பா மூஞ்சியை அப்படி வச்சீங்க" என்றான். வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. இன்றைக்கு அவன் கல்லூரியில் படிக்கிறான், அந்த நாள் அவனுக்கு அவ்வளவாக ஞாபகம்கூட இல்லை. எனக்கு அந்த மேடையின் திரைச்சீலை நிறம் வரை ஞாபகம் இருக்கிறது.

அதனால் உட்கார்ந்திருக்கும் முறை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் மகளின் முறை வரும்போது அவளுடைய கண்ணைப் பார்க்காதீர்கள், அவள் கழுத்தில் தொங்கும் எண் அட்டையைப் பாருங்கள். முகம் அவள் பக்கமே இருக்கும், ஆனால் கண்ணோடு கண் மோதாது. வாயை மூடி, நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், உதடு தானாக அசைவது நின்றுவிடும். மற்ற குழந்தைகள் சொல்லும்போதும் இப்படியே இருந்து பழகினால் அவள் முறை வரும்போது சுலபமாக இருக்கும். அவள் சரியாகச் சொன்னால் மற்றக் குழந்தைகளுக்குத் தட்டிய அளவுக்கே கை தட்டுங்கள். முதல் சுற்றிலேயே நீங்கள் எழுந்து நின்று கை தட்டினால், நாலாவது சுற்றில் அவள் வெளியேறும்போது நீங்கள் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் படும்.

வீடியோ எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி அனுமதித்தாலும் முழுப் போட்டியையும் போனைப் பிடித்துக்கொண்டு பார்க்காதீர்கள். எண் அட்டை மாட்டியதும் ஒரு போட்டோ, அவ்வளவு போதும். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு வீடியோ காலில் நேரலையாகக் காட்டுவது ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் மணி அடிக்கும் அந்த நொடியில் போனிலிருந்து "என்னாச்சு, என்னாச்சு" என்ற குரல் கேட்பதை நான் நடுவர் மேசையில் இருந்து இரண்டு முறை கேட்டிருக்கிறேன். பாட்டியின் குரலைக் குழந்தையும் கேட்டது.

சரி, இப்போது அந்த அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும். பெரும்பாலும் ஜிம்மிலோ சாப்பாட்டுக் கூடத்திலோ நடக்கும். மேடையில் வரிசையாக நாற்காலிகள் போட்டிருப்பார்கள். ஒருவர் வார்த்தையை வாசிப்பார், பக்கத்தில் இரண்டு மூன்று நடுவர்கள், அவர்கள் கையில் ஒரு மணி. சில பள்ளிகளில் கணக்கில் சேராத ஒரு பயிற்சிச் சுற்று முதலில் இருக்கும், மைக் உயரம் சரிசெய்யவும் குரல் திறக்கவும் அது பெரிய உதவி. எழுத்தில் ஒரு பிழை என்றால் மணி, அந்தக் குழந்தை வெளியே. ஒரு சுற்றில் மீதமிருக்கும் எல்லோருமே தப்பாகச் சொன்னால் எல்லோரும் திரும்ப உள்ளே வருவார்கள். ஒரே ஒருவர் மட்டும் சரியாகச் சொன்னால் அவர் இன்னொரு வார்த்தையையும் சரியாகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் வெற்றி. அதைத் தவறவிட்டால் அந்தச் சுற்றில் விழுந்தவர்கள் மறுபடி மேடைக்கு. கடைசிக் கட்டம் இப்படி ஊசலாடுவதைத் தெரியாமல் பார்த்தால் நெஞ்சு அடைத்துவிடும். சின்னச் சின்ன விதிகள் பள்ளிக்குப் பள்ளி மாறும், விதித்தாளை ஆசிரியரிடம் முன்கூட்டியே வாங்கி மகளோடு சேர்ந்து படியுங்கள்.

முதல் இரண்டு சுற்றில் வெளியேறும் குழந்தைகளில் பெரும்பாலோர் தெரியாத வார்த்தையில் வெளியேறுவதில்லை என்பதுதான் மேசையிலிருந்து நான் கண்டது. தெரிந்த வார்த்தையில், அவசரத்தில் போகிறார்கள். வார்த்தை காதில் விழுந்த மறுநொடியே சொல்லத் தொடங்கி, நடுவில் எந்த எழுத்தில் நிற்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். இதற்கு ஒரே மருந்து, குழந்தைக்கு இருக்கும் உரிமைகளைப் பயன்படுத்துவது. வார்த்தையைத் திரும்பச் சொல்லச் சொல்லலாம். அர்த்தம் கேட்கலாம். ஒரு வாக்கியத்தில் பயன்படுத்திக் காட்டச் சொல்லலாம். பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று கேட்கலாம். எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்கலாம். வேறு உச்சரிப்பு இருக்கிறதா என்றும் கேட்கலாம். கேட்பதற்கு மதிப்பெண் குறையாது. தெரிந்த வார்த்தைக்கும் ஒரு கேள்வியாவது கேட்கும் பழக்கம் அவளுக்கு வரவேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் மூச்சு சீராகிவிடும்.

மொழி கேட்பது வெறும் மூச்சு வாங்குவதற்கு மட்டும் அல்ல, பல நேரம் பதிலே அதில்தான் ஒளிந்திருக்கும். கிரேக்கம் என்று சொன்னால் 'க்' ஒலிக்கு சி எச் வரலாம் (கோரஸ்), 'ஃப்' ஒலிக்கு பி எச் வரலாம். பிரெஞ்சு என்றால் அதே சி எச், 'ஷ்' ஒலிக்கு வரும் (ஷெஃப், பாராஷூட், ப்ரோஷர்). ஜெர்மன் என்றால் 'ஷ்' ஒலிக்கு எஸ் சி எச். இத்தாலியன் என்றால் இரட்டை எழுத்து இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்: ஸ்பகெட்டி, ஸுகீனி, அப்புறம் ப்ரோக்கலி. என் மகன் அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், "இத்தாலியன்" என்ற பதில் வந்திருக்கும், என் புருவம் எங்கே போனாலும் அவன் இரண்டாவது சி-யை விட்டிருக்க மாட்டான். வீட்டில் நாங்கள் வார்த்தைகளைத்தான் பழகினோம், கேட்பதைப் பழகவே இல்லை. அதை நான் பழக்கியிருக்க வேண்டும்.

நம் மொழியிலிருந்து போன வார்த்தைகளும் ஆங்கில அகராதியில் இருக்கின்றன என்பதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். கட்டமரான் நம் கட்டுமரம். முலிகடானி என்று அவர்கள் சொல்லும் சூப் நம் மிளகுத்தண்ணீர். ஷெரூட் என்பது சுருட்டு. கொரண்டம் என்ற கனிமத்தின் பெயருக்கு வேர் குருந்தம். என் மகள் ஒருமுறை பயிற்சியில் மொழி கேட்டு, "தமிழ்" என்று பதில் வந்ததும் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டாள். அதற்கப்புறம் மொழி கேட்க அவளுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

நம் வீடுகளுக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழில் எழுத்தைப் பார்த்தால் வாசித்துவிடலாம், ஒலியைக் கேட்டால் ஏறக்குறைய எழுதிவிடலாம், ல ள ழ, ர ற, ன ண ந இவற்றில்தான் சறுக்கும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. அபவுட்டின் முதல் எழுத்து ஏ, டேக்கனின் நடுவில் ஈ, பென்சிலில் ஐ, லெமனில் ஓ, சர்க்கஸில் யூ. அமெரிக்கர் வாயில் இந்த ஐந்து உயிரும் ஒரே மழுங்கிய ஒலியாகத்தான் வரும். அதற்கு ஷ்வா என்று பெயர். ஸ்பெல்லிங் பீயில் குழந்தைகள் அதிகம் விழுவது இந்த ஒலியில்தான். நாம் இந்தியாவில் படித்தவர்கள், லெமன், பென்சில் என்று ஒவ்வொரு உயிரையும் முழுசாக உச்சரிப்போம். வீட்டில் நாம் வாசித்துப் பழகும்போது நம் உச்சரிப்பே குழந்தைக்கு விடையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. மேடையில் ஆசிரியர் சொல்லும்போது அந்த உதவி காணாமல் போகிறது. வீட்டில் நூற்றுக்கு நூறு, மேடையில் மூன்றாவது வார்த்தையிலேயே மணி. ஏன் என்று யாருக்கும் புரிவதில்லை.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தின் வி, டபிள்யூ இரண்டையும் நம்மில் பலர் ஒரே 'வ' ஆகத்தான் சொல்கிறோம். வைன் என்று நான் சொன்னால் அது திராட்சைக் கொடியா, திராட்சை மதுவா என்பது என் வாயில் பிரியாது. மகன் தப்பாக எழுதிவிட்டான் என்று நான் திருத்தியிருக்கிறேன், உண்மையில் நான்தான் தப்பாகச் சொல்லியிருந்தேன். ஷெட்யூல் போன்ற வார்த்தையை நாம் ஒரு மாதிரி சொல்வோம், அவர்கள் ஸ்கெட்யூல் என்பார்கள். எனவே பயிற்சியில் வார்த்தையை நீங்கள் வாசிக்காதீர்கள். மெரியம் வெப்ஸ்டர் அகராதியின் இணையப் பக்கத்தில் பெரும்பாலான வார்த்தைகளுக்கு ஒலிப்பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். ஸ்கிரிப்ஸ் நிறுவனம் நடத்தும் தேசியப் போட்டியே மெரியம் வெப்ஸ்டரின் விரிவான அகராதியைத்தான் ஆதாரமாக வைத்திருக்கிறது. நீங்கள் அர்த்தத்தையும் மொழியையும் மட்டும் வாசித்துச் சொன்னால் போதும், அதுவும் அவள் கேட்டால்தான்.

மீதியிருக்கும் எட்டு நாளில் புது வார்த்தைகளை அடுக்காதீர்கள். பள்ளி கொடுத்த வகுப்புப் பட்டியல் இருக்கும், அதை ஒரு தடவை முழுசாகப் போய், தப்பானவற்றை மட்டும் தனியே எழுதிக்கொண்டு அதை மட்டும் திருப்பிப் பார்க்கட்டும். ஸ்கிரிப்ஸ் வெளியிடும் வேர்ட்ஸ் ஆஃப் தி சாம்பியன்ஸ் பட்டியலில் 4,000 வார்த்தைகள் உண்டு, சிரமத்துக்கு ஏற்ப மூன்று பிரிவாக. சில பெற்றோர் அதைக் கடைசி வாரத்தில் அச்செடுத்துக் கையில் கொடுப்பார்கள், அந்தத் தடிமனைப் பார்த்ததுமே குழந்தைக்கு வயிற்றைக் கலக்கும். பள்ளிப் போட்டியைத் தாண்டினால் அதற்கு நேரம் இருக்கிறது, இப்போது வேண்டாம்.

அதைவிட முக்கியம், நின்றுகொண்டு பழகுவது. படுக்கையில் சாய்ந்து எழுத்து எழுத்தாகச் சொல்வதும் மேடையில் மைக் முன் நின்று சொல்வதும் வேறு வேறு வேலை. அறையின் ஒரு கோடியில் அவள் நிற்கட்டும், மறு கோடியில் நீங்கள். வார்த்தையை ஒருமுறை சொல்ல வேண்டும், எழுத்துகளை நிதானமாகச் சொல்ல வேண்டும், முடிவில் வார்த்தையை மறுபடி சொல்ல வேண்டும். முதலிலும் முடிவிலும் வார்த்தையைச் சொல்லாவிட்டால் வெளியேற்றிவிட மாட்டார்கள், ஆனால் சொன்னால் நடுவருக்கு அவள் முடித்துவிட்டாள் என்பது தெளிவாகத் தெரியும். எழுத்துகளைத் தெளிவாகச் சொல்லப் பழக்குங்கள். அமெரிக்காவில் கடைசி எழுத்தை ஸீ என்பார்கள், மோசமான மைக்கில் அதுவும் சீ-யும் எங்கள் காதில் ஒன்றாகவே விழும். எம், என் இரண்டும் அப்படித்தான். உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டே சொல்வது நல்ல உத்தி, தேசியப் போட்டியிலும் பல பிள்ளைகள் அட்டையின் பின்னால் விரலால் எழுதிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

உங்கள் பதற்றத்தில் ஒரு பங்கு மகளைப் பற்றியது இல்லை என்று நினைக்கிறேன், நான் தப்பாக ஊகிக்கிறேன் என்றால் மன்னித்துவிடுங்கள். இந்தியக் குழந்தை என்றால் ஸ்பெல்லிங் பீயில் ஜெயித்தாக வேண்டும் என்று அறையிலிருக்கும் மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள், நாமும் எதிர்பார்க்கிறோம். தேசியப் போட்டி 1925-ல் ஒன்பது பேரோடு தொடங்கியது. இந்திய வம்சாவளியில் முதலில் ஜெயித்தவர் பாலு நடராஜன், 1985-ல். 1989-ல் தொடங்கப்பட்ட நார்த் சவுத் ஃபவுண்டேஷன் நம் பிள்ளைகளுக்கென்று நாடு முழுக்கப் போட்டிகள் நடத்த ஆரம்பித்தபிறகு, மூன்று வயது மூத்த பிள்ளைகளைப் பார்த்து இளையவர்கள் கற்றுக்கொள்ள ஒரு இடம் கிடைத்தது. 2019-ல் எட்டுப் பேர் சேர்ந்து ஜெயித்தபோது அதில் ஏழு பேர் நம்மவர்கள். இதெல்லாம் பெருமைதான், எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் தினமும் பல மணி நேரம் இதற்கென்றே கொடுத்தவர்கள், பலர் வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பத் தோற்றவர்கள். அரவிந்த் மகாங்காளி 2011, 2012 இரண்டு வருஷமும் மூன்றாவதாக வந்தார், இரண்டு முறையும் ஜெர்மன் வேர்ச்சொல்லில்தான் சறுக்கினார். 2013-ல் அவர் ஜெயித்த வார்த்தை க்னேய்டல், ஜெர்மன் குடும்பத்து யிட்டிஷ் மொழி வழியாக வந்தது. அக்ஷய் புத்திகா 2004-ல் மேடையிலேயே மயங்கி விழுந்தார், எழுந்து நின்று அதே வார்த்தையைச் சரியாகச் சொன்னார், அந்த வருஷம் இரண்டாம் இடம் வந்தார். உங்கள் மகள் வகுப்பில் ஜெயித்து இங்கே வந்த ஒரு நான்காம் வகுப்புக் குழந்தை. பக்கத்து நாற்காலியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட உட்கார்ந்திருக்கலாம், ஏனென்றால் ஸ்கிரிப்ஸ் விதிப்படி எட்டாம் வகுப்பு வரை இடம் உண்டு. போட்டிக்கு முன் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைக்காதீர்கள். சொன்னால் அன்று சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் முடிவைச் சொல்ல வேண்டியவள் அவள்தான்.

மணி அடித்தபிறகு என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முதலில், மேடையைவிட்டு இறங்கும் குழந்தையை நோக்கி நீங்கள் ஓடாதீர்கள். சில பள்ளிகளில் வெளியேறியவர்கள் தனி வரிசையில் நண்பர்களோடு உட்காருவார்கள், அங்கே ஏற்கெனவே தோற்ற இரண்டு பேர் அவளுக்கு இடம் விடுவார்கள், ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். அந்த இரண்டு நிமிஷம் அவளுக்கு எந்தப் பெற்றோரும் கொடுக்க முடியாத ஆறுதல். அவளாக உங்களைத் தேடி வந்தால் இடம் விட்டு உட்கார வையுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேச வேண்டாம். போட்டி இன்னும் நடந்துகொண்டிருக்கும், மீதிப் பேரைச் சேர்ந்து பாருங்கள். பாதியில் எழுந்து போகாதீர்கள்.

வெளியே வந்தபிறகு, சொல்லக்கூடாதவை எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் சொல்லியிருக்கிறேன். "தெரிந்த வார்த்தைதானே" வேண்டாம். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" வேண்டாம், பத்து வயதில் அடுத்த வருஷம் என்பது எங்கோ இருக்கும் வேறு ஊர் மாதிரி. "அந்தப் பையனுக்கு ஈஸியான வார்த்தை வந்துச்சு" நிச்சயம் வேண்டாம், அது உண்மையாகவே இருந்தாலும். தப்பான வார்த்தையின் சரியான எழுத்தை அவள் கேட்கும்வரை நீங்களாகச் சொல்லாதீர்கள். என் மகள் ஐந்தாம் வகுப்பில் இரண்டாவது சுற்றிலேயே வெளியேறியபோது நான் சொன்னது ஒன்றுதான்: "நீ மொழி கேட்டது எனக்குக் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு." கண்ணில் தண்ணீரோடு, "கேட்டேன்லப்பா?" என்றாள். அவள் அன்று செய்ததில் ஏதாவது ஒன்றை நீங்கள் உண்மையாகவே கவனித்திருக்க வேண்டும், அதைச் சொல்லுங்கள். எண் அட்டையைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அப்படி ஒன்று கட்டாயம் கிடைக்கும். அழுதால் அழட்டும். காரில் பத்து நிமிஷம் அழுதுவிட்டு, அப்புறம் வேறு எதையோ பேச ஆரம்பிப்பாள், அப்போது அந்தப் பேச்சோடு போங்கள், மறுபடி போட்டிக்கு இழுக்காதீர்கள்.

வார்த்தையை வாசித்தவர் தப்பாக உச்சரித்தார், அல்லது குழந்தை சரியாகச் சொன்னதை நடுவர் தவறாகக் கேட்டுவிட்டார் என்று உங்களுக்குத் தோன்றினால்? இது நடக்கும், நாங்களும் மனிதர்கள்தான். இருக்கையிலிருந்து குரல் கொடுக்காதீர்கள். அமைதியாக எழுந்து போய், முறையீட்டுக்கென்று இருக்கும் ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஆனால் உடனே சொல்லுங்கள். அந்தக் குழந்தை போட்டியில் நீடித்திருந்தால் அடுத்த வார்த்தை எப்போது வந்திருக்குமோ அதற்குள் முறையிட வேண்டும் என்பதுதான் பொதுவான வழக்கம், வீட்டுக்குப் போய் மின்னஞ்சல் அனுப்பினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. முறையீடு ஏற்கப்படுவதும் உண்டு, நடுவர்களே தங்கள் தவறைத் திருத்துவதும் உண்டு. 2022-ல் ஹரிணி லோகனை தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றில், ஒரு வார்த்தையின் அர்த்தத்தைத் தப்பாகச் சொன்னதாக வெளியேற்றினார்கள். நடுவர்கள் மறுபடி அகராதியைப் பார்த்தபோது அவர் சொன்னதும் சரியான அர்த்தமே என்று தெரிந்து திரும்ப அழைத்தார்கள். அந்த வருஷம் ஜெயித்தவர் அவர்தான். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: முறையிடுவதற்கு முன் மகளிடம் "நீ என்ன எழுத்து சொன்ன?" என்று காதோடு கேளுங்கள். பாதி நேரம் அவளே, "இல்லம்மா, நான் தப்பாத்தான் சொன்னேன்" என்பாள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

ஜெயித்துவிட்டால் வட்டார அளவிலான போட்டி, அதற்கான தேதியும் பட்டியலும் பள்ளியே கொடுக்கும். அன்றைக்கு ராத்திரியே பட்டியலைத் திறக்காதீர்கள், ஒரு வாரம் அவள் சும்மா இருக்கட்டும்.

தம்பியைக் கூட்டிப்போங்கள். அக்கா மேடையில் நிற்பதை அவன் பார்க்க வேண்டும், அவளுக்கும் அவன் அங்கே இருப்பது பிடிக்கும். ஓரத்து நாற்காலியாகப் பார்த்து, கதவுக்குப் பக்கமாக உட்காருங்கள். போட்டி ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூடப் போகலாம், நாலு வயதுக் குழந்தைக்கு அது நீளம். படம் வரைய ஒரு நோட்டு, சத்தம் வராத பொம்மை ஏதாவது கையில் இருக்கட்டும். வெளியே கூட்டிப்போக வேண்டி வந்தால் ஒரு குழந்தை முடித்து அடுத்த குழந்தை மைக்குக்கு நடந்து வரும் இடைவெளியில் எழுந்திருங்கள், வார்த்தை வாசிக்கத் தொடங்கியபின் கதவு திறக்கும் சத்தம் மேடை வரை கேட்கும். முக்கியமாக, அவன் எழுத்துகள் கற்றுக்கொண்டிருக்கிற வயது. வீட்டில் அக்கா பயிற்சி செய்யும்போது கூடவே கத்தும் பழக்கம் இருந்தால், அங்கே கத்தக்கூடாது என்று இந்த எட்டு நாளும் சொல்லி வையுங்கள், அவள் முறை வரும்போது மட்டும் மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.